பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்த சிங்கப்பூர் லீக்

கேள்வி இது: "அண்ணே, நான் திருச்சிக்காரன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் சென்னைக் காற்பந்து அணியின் ஆட்டம் என்றால் விடாமல் பார்ப்பேன். இங்கேயும் உள்ளூர் லீக்கைப் பார்க்கலாம் என்று பழைய வெற்றியாளர் பட்டியலை எடுத்தேன், தலை சுற்றிவிட்டது. 2010-இல் ஒரு பிரெஞ்சு அணி. 2015-இல் புருணை. அப்புறம் ஜப்பான், ஜப்பான், ஜப்பான், மறுபடி புருணை. ஒரு நாட்டின் முதல்நிலை லீக்கை வெளிநாட்டு அணி எப்படி ஜெயிக்கும்? யாருக்கும் கேவலமாகத் தோன்றவில்லையா?"

தோன்றியது தம்பி. எனக்கே தோன்றியது. ஆனால் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. எங்கள் லீக் 1996-இல் எஸ் லீக் என்ற பெயரில் தொடங்கியது. 2018-இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாறியது. இத்தனை வருடத்தில் வெளிநாட்டு அணிகள் ஒன்பது முறை பட்டம் வென்றிருக்கின்றன. பிரெஞ்சு அணி எத்வால் ஒரு முறை, புருணையின் டிபிஎம்எம் இரண்டு முறை, ஜப்பானிய அணி அல்பிரெக்ஸ் நீகாத்தா ஆறு முறை. இதில் உறுத்துவது 2015 முதல் 2023 வரையிலான காலம். ஒன்பது பருவங்களில் எட்டு வெளியாரிடம் போயின. நடுவில் 2021 மட்டும்தான் உள்ளூர் அணிக்கு.

இந்த அணிகள் ஏன் வந்தன என்பதற்கு விடை சாதாரணமானது. கிளப் போதவில்லை. 1996-இல் எட்டு கிளப்புகளோடு ஆரம்பித்தார்கள். கேலாங் யுனைடெட், ஆயுதப்படை, போலிஸ், தெம்பனிஸ் ரோவர்ஸ், உட்லண்ட்ஸ் வெலிங்டன், பாலஸ்டியர் சென்ட்ரல், செம்பவாங் ரேஞ்சர்ஸ், தியோங் பாரு யுனைடெட். முதல் வருடம் பருவத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியிலும் முதலில் வந்த அணிகளை மோதவிட்டார்கள். அந்த இறுதி ஆட்டம் பழைய காலாங் தேசிய அரங்கில் நடந்தது. சுமார் 30,000 பேர் வந்தார்கள். அதில் நானும் ஒருவன். வேலை முடிந்து, கையில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தேயோடு (நம் ஊர்க்காரர்கள் தள்ளுவண்டியில் விற்ற வறுத்த கடலை, பட்டாணிக் கலவை, இப்போது கிடைப்பது அரிது) மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரின் நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது தலைமையில் கேலாங், ஆயுதப்படையை 2-1 என்று வென்றது. அந்தக் கேலாங் அணியில் ஈரான்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹமீது எஸ்திலி. 1998 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டாரே, அவரேதான். டிவியில் அதைப் பார்த்தபோது "இவரை நாங்கள் காலாங்கில் பார்த்திருக்கிறோம்" என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. இங்கிலாந்து லீக் வாரா வாரம் வரவேற்பறைக்கே வருகிறது. உள்ளூர் ஆட்டத்துக்குப் பேருந்து பிடித்துப் போக எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? கிளப்புகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடின. கிளமெண்டி கால்சாவும் பாலஸ்டியரும் ஒன்றாகிப் பாலஸ்டியர் கால்சா ஆயின. கொம்பாக் யுனைடெட் சில வருடம் ஒதுங்கி இருந்தது. ஜூரோங்கும் செம்பவாங்கும் 2003-உடன் நின்றுபோயின. தஞ்சோங் பகார் 2005-இலிருந்து ஆறு பருவம் ஆடவில்லை. இங்கே கீழ் லீக்குக்கு இறக்கிவிடும் வழக்கமே கிடையாது என்பதை நீ கவனித்திருப்பாய். இறக்கினால் மேலே ஏற்ற ஆள் வேண்டுமே. காலியான நாற்காலிகளில் விருந்தாளிகளை உட்கார வைத்தார்கள். 2003-இல் சீனாவிலிருந்து சின்ச்சி. 2004-இல் அல்பிரெக்ஸ். 2006-இல் ஆப்பிரிக்க வீரர்களைக் கொண்ட ஸ்போர்ட்டிங் ஆஃப்ரிக், ஒரே வருடம். 2007-இலிருந்து கொரியர்களின் சூப்பர் ரெட்ஸ். 2009-இல் டிபிஎம்எம் வந்து, புருணைச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் பருவம் முடியும் முன்பே வெளியேறியது. பெரும்பாலும் இவர்கள் அட்டவணையை நிரப்ப வந்தவர்கள். யாரும் பயப்படவில்லை.

2010-இல்தான் அந்த நினைப்பு உடைந்தது. அந்தப் பருவத்தை நான் நெருக்கமாகப் பார்த்தேன்.

மொத்தம் 12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 33 ஆட்டங்கள். ஆயுதப்படை அணி 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வென்றிருந்தது. அதன் கோல் இயந்திரம் அலெக்சாண்டர் ஜூரிச் அந்த வருடம் தெம்பனிஸுக்கு மாறியிருந்தார். ஆள் சாதாரணமானவர் இல்லை. போஸ்னியாவில் பிறந்து, 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் துடுப்புப் படகு ஓட்டியவர். பிறகு காற்பந்துக்காக இங்கே வந்து, 2007-இல் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினார். 2010 ஆகஸ்ட்டில் அவருக்கு 40 வயது. இளவட்டங்களைத் தோளால் தள்ளிவிட்டு அப்போதும் கோல் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் போட்டி தெம்பனிஸுக்கும் ஆயுதப்படைக்கும் என்றே நினைத்தோம்.

அந்த வருடம் புதிதாக இரண்டு வெளிநாட்டு அணிகள் சேர்ந்தன. ஒன்று பெய்ஜிங் குவோஆனின் இளையர் அணி. இன்னொன்று எத்வால். பிரெஞ்சில் நட்சத்திரம் என்று அர்த்தமாம். எங்கள் காபிக்கடையில் பாதிப் பேர் அதை 'எட்டாய்ல்' என்றே கடைசிவரை சொன்னார்கள். பிரெஞ்சு பேசும் பையன்கள். பயிற்றுவிப்பாளர் பத்ரிக் வல்லே. யாருடைய பெயரையும் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அவர்களுடைய சொந்தத் திடல் குவீன்ஸ்டவுன் அரங்கம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் காரைக்கால்காரர். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர், அதனால் இவருக்கு வீட்டுப் பிரெஞ்சு கொஞ்சம் வரும். "வாங்க, நம்ம ஆளுங்களைப் பாத்துட்டு வரலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். டிக்கெட் விலை சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. கூட்டம் அதைவிடக் குறைவு. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டது. இங்கே அது ஊதினால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும். நாங்கள் கூரைக்கடியில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த கறிபாப்பைத் தின்று தீர்த்தோம். திரும்ப ஆட்டம் தொடங்கியபோது அரங்கில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் போல இருந்தது.

கூட்டம் இல்லாததில் ஒரு லாபம், திடலில் பேசுவது காதில் விழும். எத்வால் கோல்காப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். "ஆ கோஷ்!" என்றால் இடப்பக்கம் பார். "ஆ துருவாத்!" என்றால் வலப்பக்கம். அப்புறம் அடிக்கடி "மோந்தே! மோந்தே!" என்று ஒன்று. "மேலே ஏறுங்கன்றான்" என்றார் காரைக்கால்காரர். அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை. பின்வரிசை நால்வரையும் பார்க்க ஆரம்பித்தேன். 'மோந்தே' என்ற சத்தம் வந்ததும் நான்கு பேரும் கயிற்றில் கட்டினதுபோல ஒரே கோட்டில் ஏழெட்டு அடி முன்னால் ஏறுவார்கள். எதிரணி முன்வரிசைக்காரர் அங்கேயே நிற்பார், ஆஃப்சைடு என்று துணை நடுவரின் கொடி மேலே போகும். அதே முகபாவத்தோடு அவர் திரும்பி நடந்துவருவார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதே கத்தல், அதே கொடி. முன்னால் ஃபிரெடரிக் மென்டி என்ற நெட்டையான பையன் இருந்தார். உயரப் பந்து எது வந்தாலும் அவர் தலை முதலில் போய் நிற்கும். பிற்காலத்தில் போர்ச்சுகல் முதல்நிலை லீக்கில் ஆடினார், கினி-பிசாவ் நாட்டுக்காக ஆப்பிரிக்கக் கிண்ணத்திலும் ஆடினார். குவீன்ஸ்டவுனில் மழையில் நனைந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அப்படித்தான் ஜெயித்தார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. பெரிய பெயர் இல்லாத, நேரத்துக்குத் தூங்கி எழுந்த, யாருக்காவது தன்னை நிரூபிக்க வேண்டியிருந்த இருபத்துச் சொச்சம் பையன்கள். உள்ளூர் அணிகளில் திறமை குறைவில்லை. ஆனால் 33 ஆட்டங்களில் முப்பதிலாவது ஒரே மாதிரி ஆடும் பழக்கம் இல்லை. இது என் கருத்து, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

அந்த வருடம் லீக் பட்டம் எத்வாலுக்கு. லீக் கோப்பையும் அவர்களுக்கே. சிங்கப்பூர்க் கோப்பைக்கு வெளிநாட்டு அணிகளை அழைக்கும் வழக்கம் இருந்தது. அதைத் தாய்லாந்தின் பேங்காக் கிளாஸ், தெம்பனிஸை 1-0 என்று வென்று கொண்டுபோய்விட்டது. ஆக, சிங்கப்பூரின் பெரிய கோப்பைகள் மூன்றும் ஒரே பருவத்தில் வெளியே. செப்டம்பர் 7-ஆம் தேதி ஜாலான் புசாரில் இன்னொரு கூத்து. நம் இளையர் அணியான யங் லயன்ஸுக்கும் பெய்ஜிங் அணிக்கும் நடந்த ஆட்டம் கைகலப்பாகி, பாதியில் நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தார்கள். நீ கேட்ட 'கேவலம்' என்ற வார்த்தையை அந்த வருடம்தான் காபிக்கடையில் அதிகம் கேட்டேன். "நம்ம லீக்கை நாமே வாடகைக்கு விட்டுட்டோம்" என்றார் ஒரு பெரியவர். நானும் தலையாட்டினேன்.

மூன்று வருடம் கழித்து அதே பெரியவர்தான் என்னைத் திகைக்க வைத்தார். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிங்கப்பூரின் காற்பந்துப் பெருமை எங்கே பிறந்தது என்று இங்குள்ள ஐம்பது வயதுக்காரர் யாரையும் கேள். லீக் என்று சொல்ல மாட்டார், மலேசியக் கிண்ணம் என்பார். அது 1921-இல் தொடங்கிய போட்டி. மொத்தம் 24 முறை நாம் வென்றிருக்கிறோம். 1965-இல் தனி நாடான பிறகும் அங்கே போய் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். அதாவது இன்னொரு நாட்டின் போட்டியில், விருந்தாளியாக. 1977-இல் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று வென்ற அணிக்குத் தலைவர் சமத் அல்லாப்பிச்சை. எஸ். ராஜகோபால் என்ற நம்மவர் இருந்தார். ஓட்டத்தின் சாயலைப் பார்த்து 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் மூலையிலிருந்து வாழைப்பழம் போல வளைத்து அடிக்கும் பந்தைப் பற்றி என் அப்பா பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். 1980-இல் மறுபடி. என் தலைமுறைக்கு வி. சுந்தரமூர்த்தி. 1993-இல் புருணைக்கு எதிராக முதுகு தரையைப் பார்க்க அந்தரத்தில் அடித்த கோல் இன்னும் கண்ணில் நிற்கிறது. தேக்காவில் (லிட்டில் இந்தியா) முடிவெட்டும் கடை ஒன்றில் அந்தப் படத்தைப் பல வருடம் ஒட்டி வைத்திருந்தார்கள்.

1994 டிசம்பர் 17, ஷா ஆலமில் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். பாஹாங்கை 4-0 என்று நொறுக்கினோம். அப்பாஸ் சாத் மூன்று, ஃபாண்டி ஒன்று. அந்த வருடம் மலேசிய லீக் பட்டமும் நமக்கே. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரோ டிவியை இறக்கி வைத்திருந்தார்கள். மலாய், சீனம், தமிழ் எல்லா மொழியிலும் ஒரே கத்தல். மலேசியாவின் இரண்டு பெரிய கோப்பைகளையும் அள்ளிக்கொண்டு இரு நாட்டையும் இணைக்கும் காஸ்வேயைத் தாண்டி வீடு வந்தார்கள். அப்புறம் ஆட்ட வசூலைப் பங்குபோடுவதில் மலேசியச் சங்கத்தோடு தகராறு, நாம் வெளியே வந்தோம். எஸ் லீக் பிறந்ததே அதனால்தான்.

சரி, அந்தப் பெரியவருக்கு வருகிறேன். 2012-இல் லயன்ஸ்XII என்ற அணியை அமைத்து மறுபடி மலேசிய லீக்குக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு மலேசியாவின் ஹரிமாவ் மூடா இளையர் அணி இங்கே வந்து எஸ் லீக்கில் ஆடியது. 2013-இல் சுந்தரமூர்த்தி பயிற்றுவிக்க, லயன்ஸ்XII மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. ஜாலான் புசாரில் உட்கார இடமில்லை. காபிக்கடையில் பெரியவர் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: "ஐயா, இது மட்டும் என்ன? அவங்க லீக்கை நாம ஜெயிச்சிருக்கோம். இதுவும் எத்வால் கதைதானே?" ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "ஆமாம்ப்பா. அவனுங்களுக்கு நாமதான் பிரெஞ்சுக்காரன்" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எழுபது எண்பது வருடமாகப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய் மாங்காய் பறித்தவர்கள் நாம். நம் மரத்தில் ஒருவன் கல்லெறிந்ததும் ஊரைக் கூட்டினோம். இந்த வட்டாரத்தில் இது சகஜமும்கூட. புருணை 1999-இல் அதே மலேசியக் கிண்ணத்தை வென்றிருக்கிறது. மொனாக்கோ பிரெஞ்சு லீக்கில் ஆடுகிறது, நியூசிலாந்தின் வெலிங்டன் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடுகிறது. சின்ன நாடுகளுக்கு வேலி கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. லயன்ஸ்XII-க்காக நாட்டின் சிறந்த வீரர்களை எஸ் லீக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். நான்கு வருடம் உள்ளூர்க் கிளப்புகள் இரண்டாம் தரமாக நடத்தப்பட்டன. 2015-உடன் லயன்ஸ்XII கலைந்தபோது வீடு காலியாகக் கிடந்தது. அந்தக் காலி வீட்டில்தான் அல்பிரெக்ஸ் வந்து உட்கார்ந்தது. 2015-க்குப் பிந்தைய பட்டியலுக்கு என் விளக்கம் இதுதான்.

அல்பிரெக்ஸ் 2004-இலிருந்து இங்கே இருந்த அணி. பல வருடம் நடுவரிசைதான். 2016-இல் லீக், சிங்கப்பூர்க் கோப்பை, லீக் கோப்பை, பருவத் தொடக்கக் கேடயம் என நான்கையும் வாரிக்கொண்டது. 2017-இல் அதே நான்கும் மறுபடி. 2018-இல் அவர்களுக்கு வயது வரம்பு போட்டார்கள், உள்ளூர்ப் பையன்களைச் சேர்க்கச் சொன்னார்கள். அவர்கள் அடம்பிடிக்கவில்லை. 24 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார்கள். காலைக் கட்டிவிட்டுப் பந்தயம் வைத்தாலும் அவன்தான் முதலில் வருகிறான் என்றால் என்ன சொல்வது?

நான் ஜூரோங் ஈஸ்ட்டில் குடியிருப்பவன். அவர்கள் திடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஒரு முறை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், அப்போது அவளுக்கு எட்டு வயது. ஆட்டம் முடிந்ததும் ஜப்பானியப் பையன்கள் எல்லாரும் கையைக் கோத்து வரிசையாக நின்று பார்வையாளர் பக்கம் குனிந்து வணங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் நன்றாகக்கூட ஆடவில்லை. என் மகள் சட்டென்று எழுந்து நின்று பதிலுக்குக் குனிந்தாள். கோல்காப்பாளர் பார்த்துவிட்டுத் தனியாக அவளுக்கு இன்னொரு முறை குனிந்தார். அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு அல்பிரெக்ஸ் ரசிகை இருக்கிறாள். நான் தெம்பனிஸ் கட்சி. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிர்.

என் கோபமெல்லாம் அந்தப் பையன்கள் மேல் கிடையாது. பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, ஜப்பானில் இடம் கிடைக்காமல், ஒரு பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள். இரண்டு வருடம் நன்றாக ஆடினால் எங்காவது போகலாம் என்ற நம்பிக்கை. வருடா வருடம் பாதி அணி மாறிவிடும். புதிதாக வந்தவர்களும் அதே மாதிரி ஆடுவார்கள். பயிற்சியில் உருவாகும் பழக்கம் அது. வருடக்கணக்காக ஒன்றாக இருந்த உள்ளூர் அணிகள் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தும் பழகிக்கொள்ளவில்லை. வெட்கப்படுவதானால் அதற்குத்தான். விருந்தாளி ஜெயித்ததற்கு இல்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அல்பிரெக்ஸ் பட்டம் வென்ற வருடங்களில் ஆசியக் கிளப் போட்டிகளுக்குச் சிங்கப்பூர் சார்பில் போக முடியவில்லை. வெளிநாட்டு அணி என்பதால் அந்த இடம் அடுத்து வந்த உள்ளூர் அணிக்குப் போனது. அதனால் அட்டவணையில் இரண்டாம் இடத்துக்கு நடக்கும் சண்டையை நாங்கள் பட்டத்துக்குச் சமமாகப் பார்த்தோம்.

2021-இல் அந்தத் தொடர் உடைந்தது, பணத்தால். 2020 பிப்ரவரியில், ஷாப்பி என்ற இணைய வணிகச் செயலியை நடத்தும் சீ நிறுவனத்தின் தலைவர் ஃபாரஸ்ட் லி, பழைய ஹோம் யுனைடெட் கிளப்பைத் தனியார்மயமாக்கி லயன் சிட்டி செய்லர்ஸ் ஆக்கினார். மறுவருடம் போர்ச்சுகலிலிருந்து டியேகோ லோபெஸ் என்ற பிரேசில்காரரை வாங்கினார்கள், சுமார் 18 லட்சம் யூரோவுக்கு என்று செய்தி வந்தது. எங்கள் லீக்கில் அதற்கு முன் யாரும் கனவிலும் நினைக்காத தொகை. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற கொரியப் பயிற்றுவிப்பாளர் கிம் டோ-ஹூனையும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு செலவழித்தும் பட்டம் கடைசி நாள் வரை இழுத்தது. 2021 அக்டோபர் 10-இல் பாலஸ்டியரை 4-1 என்று வென்ற பிறகுதான் கோப்பை உறுதியானது. கடைசி நொடி வரை மூச்சுவிடாமல் துரத்தியது யார்? அதே அல்பிரெக்ஸ் பையன்கள். அடுத்த இரண்டு வருடமும் பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதைய நிலவரம். 2024-2025 பருவம் 2024 மே மாதம் தொடங்கி மறுவருடம் மே வரை நீண்டது. ஒன்பது அணிகள், ஆளுக்கு 32 ஆட்டங்கள். அல்பிரெக்ஸ் அதே பருவத்தில் உள்ளூர்க் கிளப்பாக மாறியது, ஜப்பானியர் மட்டுமே நிரம்பிய அணி என்ற அடையாளம் போய்விட்டது. அவர்களுடைய பழைய விறுவிறுப்பும் சேர்ந்து போனதுபோல எனக்குத் தோன்றுகிறது, மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பட்டம் செய்லர்ஸுக்கு, இரண்டாவது தெம்பனிஸ். அதற்குப் பிறகு டிபிஎம்எம் மலேசிய லீக்குக்குப் போய்விட்டது. எட்டு அணிகள் மீதம். 1996-இல் எத்தனையோடு தொடங்கினோமோ அத்தனை.

அந்தப் பருவத்தில் எல்லாரும் பேசியது லீக்கைப் பற்றி இல்லை. செய்லர்ஸ் அரையிறுதியில் சிட்னியை வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். 2025 மே 18, பீஷான் அரங்கம். தற்காலிக இருக்கைகள் போட்டும் டிக்கெட் இல்லை. எதிரே ஷார்ஜா. ஒரு கோல் பின்தங்கி, 90 நிமிடத்துக்குப் பிறகு நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மாக்சிம் லெஸ்டியென் சமன் செய்தபோது யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்றே தெரியவில்லை. ஆனால் அந்தச் சேர்த்த நிமிடங்களே இன்னும் முடிந்தபாடில்லை. கடைசியில் ஷார்ஜா ஒன்று போட்டு 2-1 என்று முடித்தது. பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை யாரும் பேசாமல் நடந்தோம். 1996-க்குப் பிறகு ஒரு உள்ளூர்க் கிளப்புக்காக அப்படித் தொண்டை அடைத்தது எனக்கு அன்றுதான்.

நீ பார்க்கத் தொடங்குவதானால் தெம்பனிஸ் ஹப்புக்கு வா. நூலகம், உணவங்காடி, அலுவலகங்களுக்கு நடுவில் திடல். சாப்பிட்டுவிட்டு நேரே இருக்கைக்குப் போகலாம். சத்தம் வேண்டுமென்றால் ஹவ்காங் ஆட்டத்துக்குப் போ, அவர்கள் ரசிகர்கள் மேளத்தைக் கீழே வைப்பதே இல்லை. ஜாலான் புசார் வேறு மாதிரி. 1929-இல் திறந்த இடம், தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். ஆட்டம் முடிந்து சிராங்கூன் ரோட்டில் தோசை. குடை மறக்காதே, சங்கு எப்போது ஊதும் என்று யாருக்கும் தெரியாது.

விருந்தாளிகள் கடைசியில் என்ன விட்டுப்போனார்கள் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அல்பிரெக்ஸுக்கு 2019-இல் வந்த நாகமுரா கியோகா மறுவருடம் தெம்பனிஸுக்கு மாறினார், 2024-இல் சிங்கப்பூரர் ஆகி இப்போது தேசிய அணியில் ஆடுகிறார். கொரியாவிலிருந்து வந்த சோங் உய்-யங் 2012-இல் ஹோம் யுனைடெட்டில் சேர்ந்தார், 2021-இல் குடியுரிமை வாங்கினார்.

சோங்கை உனக்குத் தெரிந்திருக்கும். 2025 அக்டோபரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இங்கே 1-1 என்று ஆடிவிட்டு, 14-ஆம் தேதி கோவாவில் இந்தியாவை 2-1 என்று வென்றோமே, இரண்டு கோலும் அவர் போட்டதுதான். நவம்பரில் ஹாங்காங்கையும் அதே கணக்கில் வென்று, ஆசியக் கிண்ணத்துக்கு முதல் முறையாக ஆடித் தகுதி பெற்றோம். 1984-இல் போனது, போட்டியை நாம் நடத்தியதால் கிடைத்த இடம். கோவா ஆட்டத்தை நாங்கள் காபிக்கடையில் பார்த்தோம். பக்கத்து மேசையில் உன்னைப் போல ஊரிலிருந்து வந்த நான்கைந்து பேர், நீல சட்டையில். இரண்டாவது கோல் விழுந்ததும் ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்னண்ணே, கொரியாக்காரனை வச்சு எங்களை ஜெயிக்கிறீங்க" என்றார்.

"நீங்க இங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"நாலு."

"அவர் வந்து பதிமூணு" என்றேன். சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு தே தாரிக் சொன்னார்.